அங்காரா ஒப்பந்தம் 1921: எந்தக் காப்பகத்தில் எதைத் தேடுவது?

துருக்கி–பிரான்ஸ் உறவு என்று பொத்தாம்பொதுவாகத் தேட இறங்காதீர்கள். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா, சுல்தான் சுலைமானிடம் உதவி கேட்ட 1525இலிருந்து காகிதம் குவிந்து கிடக்கிறது. முதல் வேலை, ஒரே ஒரு கேள்வியைப் பிடிப்பது. இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொண்டது: பிரான்ஸ் தன் கூட்டாளி பிரிட்டனை விட்டுவிட்டு, 1921 அக்டோபர் 20 அன்று முஸ்தபா கெமாலின் அங்காரா அரசோடு ஏன் தனியாகச் சமாதானம் செய்துகொண்டது?

படி 1: ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள்

காப்பகத்துக்குப் போகும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். கையெழுத்திட்டவர்கள் பிரான்ஸ் தரப்பில் ஆன்றி பிராங்க்ளின்-பூய்யோன், அங்காரா தரப்பில் யூசுப் கெமால் பே. 8ஆம் பிரிவு எல்லைக்கோட்டை ரயில் பாதையை ஒட்டிக் கொண்டுபோகிறது. 9ஆம் பிரிவு, சிரியாவுக்குள் ஜாபர் கோட்டையில் அப்போது இருந்த சுலைமான் ஷாவின் (ஒட்டோமான் வம்சத்தின் முன்னோராகச் சொல்லப்படுபவர்) கல்லறையைத் துருக்கிக்கே விட்டு, காவலர் வைக்கவும் கொடி ஏற்றவும் அனுமதிக்கிறது. கூடவே உள்ள கடிதத்தில் ஹர்ஷித் பள்ளத்தாக்குச் சுரங்கங்களைப் பிரெஞ்சுக் குழுவுக்கு 99 ஆண்டுகளுக்குத் தரும் பேச்சும் வருகிறது. இவற்றில் வரும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான் நீங்கள் பட்டியலில் தேட வேண்டியவை.

படி 2: பிரான்ஸில் மூன்று இடம்

பாரிஸ் புறநகர் லா கூர்நெவில் வெளியுறவு அமைச்சகக் கோப்புகள் உள்ளன. ‘லெவான்ட் 1918–1940’ வரிசையில் சிரியா–லெபனான்–சிலிசியா பகுதியைக் கேளுங்கள் (லெவான்ட் என்பது கிழக்கு மத்தியதரைக் கடலோரம்; சிலிசியா இன்றைய தெற்குத் துருக்கியில் பிரான்ஸ் பிடித்துவைத்திருந்த பகுதி). தூதரகங்களிலிருந்தும் சிரியா–லெபனான் நிர்வாகத்திலிருந்தும் திரும்பி வந்தவை நாந்த் நகரில் இருக்கின்றன. மேலிடம் என்ன முடிவெடுத்தது என்பது முதலாவதில் கிடைக்கும். களத்தில் இருந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதற்கு நாந்த்.

வன்சேன் கோட்டையில் ராணுவக் காப்பகம். ‘4 எச்’ வரிசை லெவான்ட் படையினுடையது. 1920 பிப்ரவரியில் துருக்கியரின் எதிர்ப்பால் மராஷ் நகரைக் கைவிட்ட படை அது. சிலிசியாவைப் பிடித்துவைப்பதற்கு ஆன செலவைப் பார்க்காமல் ஒப்பந்தத்தை விளக்கவே முடியாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தூதர் கடிதங்களோடு நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

படி 3: கோபப்பட்டவர்களிடம் கேளுங்கள்

லண்டனின் கியூ பகுதியில் பிரிட்டிஷ் தேசியக் காப்பகம். எஃப்.ஓ. 371 வரிசை அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் கடிதப் போக்குவரத்து. அதில் தந்தியைவிட ருசியானது கோப்பின் முன்தாள்: கீழ்நிலை எழுத்தர் ஒரு கருத்து எழுதி இனிஷியல் போடுவார், மேலதிகாரி அதன்கீழ் இன்னொன்று, சில சமயம் வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபு வரைக்கும் போகும். இந்த ஒப்பந்தத்தை பிரிட்டன் கடுமையாக ஆட்சேபித்தது. அதனால் பிரெஞ்சுக்காரர் அடக்கி வாசித்ததை இங்கே உரக்கக் கேட்கலாம். ஆனால் கோபத்தில் எழுதுகிறவர் சந்தேகத்தையும் செய்தியாகவே எழுதிவிடுவார். அதைத் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

(உங்கள் கேள்வி 16ஆம் நூற்றாண்டுக்குரியது என்றால் கியூவை விடுங்கள், வெனிஸுக்குப் போங்கள். இஸ்தான்புல்லில் இருந்த வெனிஸ் தூதர் பிரெஞ்சுத் தூதரின் நடமாட்டத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து ஊருக்கு எழுதியிருக்கிறார்.)

படி 4: தேதிவாரியாக அடுக்குங்கள்

தேடும்போது பழைய பெயர்களைப் போடுங்கள்: கான்ஸ்டான்டிநோப்பிள் (இஸ்தான்புல்), அலெக்ஸாண்ட்ரெட்டா (இஸ்கெண்டெருன்), ஐன்தாப் (காசியான்டெப்). ஆவணத்தைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு படத்தோடும் வரிசை எண்ணையும் பெட்டி எண்ணையும் சேர்த்துப் பிடியுங்கள். பிறகு ஒரு தாளில் லா கூர்நெவ், வன்சேன், கியூ என மூன்று பத்தி போட்டு, 1921 ஜூன் முதல் நாள்வாரியாக நிரப்புங்கள். இரண்டு பத்தியில் பரபரப்பாக எழுதியிருக்கும் நாளில் மூன்றாவது காலியாக இருந்தால், அடுத்த பெட்டியை அந்தத் தேதிக்குக் கேளுங்கள்.