நாலு வாரம், நாலு பாட்டு

ஸ்டார் கட்டுவது, கேக்குக்குச் சொல்வது, தையற்கடைக்கு அலைவது என்று டிசம்பர் ஓடிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த காலமான அட்வெந்துக்கு நாலு ஞாயிறு. பைபிளில் லூக்கா சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் இருப்பதும் நாலு பாட்டு. வாரத்துக்கு ஒன்றை எடுத்து, தினமும் இரவில் அதையே சத்தமாக வாசியுங்கள்.

முதல் வாரம் மரியாளுடையது (1:46-55). பசித்தவர்கள் நிரப்பப்படுகிறார்கள், ஐசுவரியவான்கள் வெறுங்கையாய்ப் போகிறார்கள். புதுத்துணி பில்லைப் பார்த்த இரவில் இதை வாசித்தால் கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

அடுத்தது யோவான் ஸ்நானகனின் அப்பா சகரியா (1:68-79). எனக்குப் பிடித்தது இதுதான். வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னதை நம்பாததால் வாய் அடைபட்டு, பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட எழுத்துப்பலகை கேட்ட மனுஷன். நாவு திரும்பியதும் புகார் ஒன்றும் இல்லை, துதிதான் வருகிறது. அந்த வாரம் மட்டும் வாசிக்குமுன் பத்து நிமிடம் போனை அணைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். முதல் நாள் கஷ்டம்தான்.

மூன்றாம் வாரத்துக்கு, இயேசு பிறந்த இரவில் தூதர்கள் பாடிய பாட்டு. ஒரே வசனம் (2:14), பிள்ளைகளே மனப்பாடம் செய்துவிடுவார்கள். கடைசி வாரத்துக்கு, குழந்தை இயேசுவை ஆலயத்தில் கையில் ஏந்திய முதியவர் சிமியோன் (2:29-32). வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.