நெப்போலியன் காலத்துக் காலாட்படை: பெட்டி வாங்குவது முதல் அணிவகுத்து நிறுத்துவது வரை

மேசைப் போர் விளையாட்டுக்காக நெப்போலியன் காலத்து பிளாஸ்டிக் வீரர்களைச் சேர்க்க விரும்புபவர், எந்த நாட்டுப் படை என்பதோடு எந்த ஆண்டுப் படை என்பதையும் பெட்டி வாங்குமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். நம் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட அதே 1805ஆம் ஆண்டின் டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் நின்ற பிரெஞ்சு வரிசைக் காலாட்படையினர் பெரும்பாலும் இருமுனைத் தொப்பிதான் அணிந்திருந்தார்கள். உருளை போன்ற ஷாக்கோ தொப்பிக்கான ஆணை 1806இல்தான் வந்தது. 1812ஆம் ஆண்டின் சீருடை விதியோ மேலங்கியின் பின்வாலைக் குட்டையாக்கி, மார்புப் பகுதியை இடுப்புவரை மூடிவிட்டது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டுகளைக் கவனிக்காமல் படத்தின் அழகில் மயங்கி நான் வாங்கிய முதல் இரண்டு பெட்டிகளும், ஒரே பட்டாலியனில் சேர்க்க முடியாமல் இன்றும் பரணில் கிடக்கின்றன.

அளவும் முக்கியம். 28 மில்லிமீட்டர் உருவங்கள் பெரும்பாலும் கடினமான பாலிஸ்டைரீனால் ஆனவை. கை, தலை, முதுகுப்பை எல்லாம் தனித்தனியாகச் சட்டத்தில் வரும். 1/72 அளவில் வருபவற்றில் பல வளையும் மென்பிளாஸ்டிக்கால் ஆனவை; அவற்றில் பாலிஸ்டைரீன் சிமென்ட் எனும் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, சோப்பு நீரில் கழுவாவிட்டால் பெயின்ட்டும் நிற்காது. தொடங்குபவருக்கு 28 மில்லிமீட்டரையே நான் சொல்வேன்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை அக்காலப் படை அமைப்பே சொல்லிவிடும். 1808 பிப்ரவரி ஆணைப்படி ஒரு பிரெஞ்சு பட்டாலியனில் 140 பேர் கொண்ட ஆறு கம்பெனிகள், ஆக 840 பேர். கம்பெனிக்கு நான்கு உருவம் என்று வைத்தால் 24 உருவங்களில் ஒரு பட்டாலியன் முடிந்துவிடும். ஓர் உருவம் 35 வீரர்களுக்குச் சமம். நான்கு கம்பெனிகள் ஃபியூசிலியர்கள் எனும் சாதாரணக் காலாட்கள்; அணியின் வலக்கோடியில் சிவப்புத் தோளணியோடு கிரெனடியர்கள் எனும் தேர்ந்தெடுத்த வீரர்கள், இடக்கோடியில் வோல்டிஜர்கள் எனும் இலகு காலாட்கள். பிரிட்டிஷ் பட்டாலியனில் பத்து கம்பெனிகள் என்பதால் அதற்குக் கணக்கை வேறாகப் போட வேண்டும்.

கருவிகளுக்கு அலைய வேண்டியதில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சிறிய சைடு கட்டரும், மருந்துக் கடையில் 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும் அதற்கான 3ஆம் எண் பிடியும் போதும். சட்டத்திலிருந்து உறுப்பை எடுக்கும்போது அதை ஒட்டி வெட்டாமல், சற்றுத் தள்ளி வெட்டி, மீதமிருக்கும் முளையைப் பிளேடால் சீவிவிட வேண்டும். கோவை வார்ப்படப் பட்டறைகளில் பார்ட்டிங் லைன் என்பார்களே, அந்த அச்சுக்கோடு ஒவ்வொரு காலிலும் ஓடும்; பிளேடின் முதுகால் மெல்லச் சுரண்டினால் போய்விடும். சோம்பலில் விட்டால் பெயின்ட் அடித்தபின் அந்தக் கோடு மட்டுமே கண்ணில் படும்.

ஒட்டுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்ப்பதால் சொட்டாக விடாமல், தூரிகை நுனியால் தொட்டு வைத்தாலே போதுமானது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உடம்பை 40 மில்லிமீட்டர் சதுர எம்.டி.எஃப் (மரநார் அழுத்திய) பலகையில் இருவர் முன்னும் இருவர் பின்னுமாக நிறுத்தி, பசையின்றிக் கைகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். முன்னவரின் முதுகுப்பையில் பின்னவரின் துப்பாக்கிக் கத்தி இடித்தால், ஒட்டிய கை முழுதும் இறுகுமுன் கோணத்தை மாற்றிவிடலாம். இறுகியபின் முறிக்கத்தான் வேண்டும். முதுகுப்பையைக் கடைசியில் ஒட்டுவது நல்லது.

பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் ஸ்ப்ரேயை ஆடிக்காற்றில் அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் துளிகள் உருவத்தைத் தொடுமுன்பே உலர்ந்து சொரசொரப்பாகப் படியும், கூடவே புழுதியும் ஒட்டும். ஐப்பசி மழை ஈரத்தில் பூச்சு வெளிறிப்போகும். தை பிறக்கும்வரை பொறுக்க முடியாதவர்கள் தூரிகையாலேயே பிரைமர் பூசிக்கொள்ளலாம்.

பலகைக்கு ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த மண்ணைத் தூவுங்கள். நம் தோட்டத்துச் செம்மண் ஸ்பெயினின் வறண்ட நிலத்துக்கு அப்படியே பொருந்தும். 1815 ஜூன் 18 வாட்டர்லூ போருக்கு என்றால் முந்தைய நாள் கொட்டிய மழையை நினைத்து, மண்ணின் மேல் கரும்பழுப்பு பூசி, அதையே வீரர்களின் முழங்கால்வரை இழுத்துவிடுங்கள்.