ஒரு மணிக்கு எத்தனை ஏக்கர்? பின்னத்தை வகுத்து வீதம் காணும் முறை

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டில் பின்ன வகுத்தல் வருகிறது. இடைநிலைப்பள்ளிப் படிவம் 1 கணிதத்தில் வீதம், அதாவது மலாயில் 'கடார்' (kadar), வருகிறது. பிள்ளைகள் இவற்றை வேறு வேறாகப் படிக்கிறார்கள்; உண்மையில் முதலாவது தெரிந்தால் இரண்டாவது பாதி முடிந்தது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். மருந்தடிப்பவர் 3/4 மணி நேரத்தில் 2/3 ஏக்கர் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு எத்தனை ஏக்கர்?

கேள்வியில் 'ஒரு' என்பதை அடுத்து வரும் அலகைப் பாருங்கள். அந்த அலகுள்ள எண்ணால்தான் வகுக்க வேண்டும். இங்கே அது மணி:

2/3 ÷ 3/4 = 2/3 × 4/3 = 8/9 ஏக்கர்

இரண்டாம் பின்னம் ஏன் தலைகீழாகிறது? 3/4 மணி என்பது மூன்று கால்மணி. 2/3-ஐ 3-ஆல் வகுத்தால் ஒரு கால்மணி வேலை, 2/9 ஏக்கர். ஒரு மணிக்கு நான்கு கால்மணி; 4-ஆல் பெருக்க 8/9. மூன்றால் வகுத்து நான்கால் பெருக்குவதுதான் அந்த 4/3. இதை ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

'ஒரு ஏக்கருக்கு எத்தனை மணி?' என்றால் வகுக்கும் எண் மாறும்: 3/4 ÷ 2/3 = 9/8, அதாவது 1 மணி 7½ நிமிடம்.

தவறுகள் பெரும்பாலும் சில இடங்களில்தான். வகுத்தல் குறி இருக்கும்போதே குறுக்காகச் சுருக்கினால் 3-உம் 3-உம் அடிபடும்; திருப்பாமலே பெருக்கினால் 1/2 என்று வரும். பெருக்கலாக மாற்றிய பிறகே சுருக்க வேண்டும். 45 நிமிடத்தை 0.45 மணி என எழுதுவது இன்னொன்று, அது 0.75. கலப்புப் பின்னத்தை முதலில் தகாப் பின்னமாக்காமல் திருப்பக் கூடாது. 1½ கிலோ வெங்காயம் 5.40 ரிங்கிட் என்றால், 5.40 ÷ 3/2 = 5.40 × 2/3, கிலோ 3.60 ரிங்கிட். பக்கத்தில் 3/4 கிலோ பாக்கெட் 2.85 ரிங்கிட்; பார்க்க மலிவு, கணக்கில் கிலோ 3.80.

விடையை மதிப்பிட்டுப் பாருங்கள். முக்கால் மணியிலேயே 2/3 ஏக்கர் முடிகிறது. முழு மணிக்கு அதைவிடக் கூடத்தானே வரவேண்டும்? 1/2 வந்தால் எங்கோ பிசகு. கைப்பேசிக் கணிப்பானில் 2÷3÷3÷4 என்று தட்டினால் 0.055... காட்டும். (2÷3)÷(3÷4) என்று அடைப்புக்குறி போட்டால்தான் 0.888... வரும்.