கல்ஃப்ல பாஸ்போர்ட் தொலைஞ்சா என்ன பண்ணணும்

மொதல்ல பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லி ரிப்போர்ட் வாங்கிடுங்க, இந்தியன் எம்பசில அதைத்தான் முதல்ல கேப்பாங்க. கூடவே பழைய பாஸ்போர்ட் ஜெராக்ஸ், விசா காப்பி, ஃபோட்டோ எல்லாம் வேணும், அதனால தொலையறதுக்கு முன்னாடியே இந்த பேப்பரையெல்லாம் ஃபோட்டோ எடுத்து ஊர்ல யாருக்காவது வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க, கடைசி நேரத்துல தேடி அலைய முடியாது.

அங்கேயே வேலைய தொடரணும்னா புது பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணணும். அவசரமா ஊருக்கு போகணும்னா எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேளுங்க, ஆனா அது ஒன்வே தான், இந்தியா வர மட்டும் செல்லும், அத வச்சு திரும்பி போக முடியாது, இத தெரியாம வாங்கிட்டு அப்புறம் முழிக்கிறவங்க நிறைய பேர். எக்ஸிட் விசா, அதாவது நாட்ட விட்டு வெளிய போக அனுமதி, வேணும்ங்கற நாடா இருந்தா அந்த நாட்டு இமிக்ரேஷன் ஆபீஸ்ல அதையும் தனியா முடிக்கணும்.

தொலையல, கம்பெனிக்காரன் புடுங்கி வச்சிருக்கான், இல்ல சம்பளம் தரலன்னா இந்திய வெளியுறவுத் துறை 2015ல ஆரம்பிச்ச மதத் (MADAD)ங்கற ஆன்லைன் புகார் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போடுங்க, ஊர்ல இருக்கற குடும்பமும் போடலாம். டிக்கெட்டுக்கே காசில்லாம ரொம்ப கஷ்டத்துல இருந்தா எம்பசில ஐசிடபிள்யூஎஃப்னு (இந்தியன் கம்யூனிட்டி வெல்ஃபேர் ஃபண்ட்) ஒரு நிதி இருக்கு, கூச்சப்படாம கேளுங்க.