சுப்பர்சார்ஜர் லொறிக்குப் பிளக் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜினின் பெல்ட்டால் சுழன்று உள்ளே கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் சுப்பர்சார்ஜர்; அதையே புகையின் வேகத்தால் செய்வது டர்போ. திருகோணமலையில் சுப்பர்சார்ஜர் உள்ள சின்ன லொறி அபூர்வம். எப்போதாவது ஒரு பழைய சுபாரு சம்பர் கண்ணில் படும். 658 சிசி, நான்கு சிலிண்டர், என்ஜின் பின் சில்லுக்கும் பின்னால். மற்றபடி கராஜுக்கு வருவதெல்லாம் டர்போ வான்கள்தான். காற்றைத் திணிப்பது பெல்ட்டா புகையா என்பது பிளக்குக்குத் தெரியாது. அதன் பாடு இரண்டிலும் ஒன்றுதான். வேலை பழக வரும் பொடியன்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் பழகிய காலத்திலும் இதே கதைதான்.

சூடான என்ஜினில் பிளக் கழற்றாதே, குழியில் கிடக்கும் மண்ணை முதலில் ஊது என்பதையெல்லாம் யாரும் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

எழுத்தைப் படிக்காமல் வாங்குவது

பிளக்கின் மேல் இருப்பது வெறும் பெயர் அல்ல. என்ஜிகே பிகேஆர் 6 இ - 11 என்று இருந்தால், 6 என்பது வெப்ப எண், கடைசியில் உள்ள 11 என்பது பொறி பாயும் 1.1 மி.மீ. இடைவெளி. பாட்ஸ் கடையில் போய் லொறியின் பெயரை மட்டும் சொன்னால், அதிகம் விற்கும், சுப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண என்ஜினுக்கு உரியதை எடுத்துக் கொடுப்பார்கள். மரை சரியாகப் பொருந்தும், நீளமும் பொருந்தும், என்ஜினும் ஸ்டார்ட் ஆகும். வினை அங்கேதான் தொடங்குகிறது.

மிஸ் அடித்தால் கொயிலை மாற்றுவது

போன கச்சான் காலத்தில் கிண்ணியாவில் இருந்து ஒரு நானா மீன் லொறியோடு வந்தார். சுப்பர்சார்ஜர் என்ஜின். வெறும் லொறியாக ஓடினால் ஒரு குறையும் இல்லை. ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போகும்போது, பஸ்ஸை முந்த அக்சிலேட்டரை அமத்தினால் மட்டும் தடதடவென்று மிஸ் அடிக்கும், இழுவை செத்துப்போகும். காலைத் தூக்கினால் சரி. வேறோர் இடத்தில், பொறிக்கு வோல்ட்டேஜ் கொடுக்கும் கொயிலை மாற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியிருக்கிறது. அப்புறம் பழையபடி. பிறகு பெற்றோல் பம்ப், பிறகு இன்ஜெக்டர் கழுவல், மறுபடியும் ஒரு ரீகண்டிஷன் கொயில்.

பிளக்கைக் கழற்றி, இடைவெளியை அளக்கும் வயர் கேஜை விட்டேன். 1.1 மி.மீ. கம்பி உரசாமலே போய் வந்தது. "ஒருத்தரும் பிளக்கைப் பார்க்கவில்லையா நானா?" என்று கேட்டேன். "பார்த்தவங்க தம்பி. புதுசுதானே எண்டு திருப்பிப் போட்டவங்க."

பொறி பாயத் தேவையான வோல்ட்டேஜ், இடைவெளி எவ்வளவு அகலம், அதற்குள் இருக்கும் காற்று எவ்வளவு அடர்த்தி என்ற இரண்டையும் பொறுத்தது. எது கூடினாலும் கொயில் கூடுதலாகத் தம் பிடிக்க வேண்டும். ஐட்லிங்கில் த்ரொட்டில் மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்றே கொஞ்சம், 1.1ஐப் பொறி சுலபமாகத் தாண்டிவிடும். கராஜில் நிறுத்திவைத்து ரேஸ் பண்ணிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாததற்கு இதுதான் காரணம். பூஸ்ட், அதாவது திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம், அரை பார் ஏறினால் உள்ளே சாதாரண என்ஜினைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு காற்று. தோராயக் கணக்குப் போட்டால், சாதாரண என்ஜினில் 1.1 மி.மீ. தாண்டும் வோல்ட்டேஜ் இங்கே 0.73 மி.மீ. தாண்டத்தான் போதும்.

அப்படியென்றால் கொயில் மாற்றியதும் கொஞ்ச நாள் ஓடியது எப்படி? புதுக் கொயில் வலுவானது, மூச்சுப் பிடித்துத் தாண்டிவிடுகிறது. தினமும் அந்த உச்சத்துக்கு ஏறி இறங்கினால் அதன் உள் இன்சுலேஷன் கெடும். பிளக்கின் தலையை மூடும் ரப்பர் உறைக்குள் கரிக்கோடு விழும். பொறி பிளக்கை விட்டுவிட்டு அந்தக் கோட்டு வழியே ஓடப் பழகிவிடும். அப்போது கொயில் உண்மையிலேயே பழுதாகி நிற்கும். சோதிக்கிறவர் "நான் சொன்னேனே" என்பார். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். பழுதைக் கையில் எடுத்துக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். அதைப் பழுதாக்கிய பிளக் என்ஜின் ஹெட்டிலேயே இருக்கிறது. இதற்கிடையில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரிந்து, புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டரையும் உருக்கிவிடலாம். அதன் விலைக்கு முன்னால் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

தொழிற்சாலை சொன்ன எண் இருந்தால் அதுவே முதல். இல்லாவிட்டால் நான் 0.7இல் தொடங்குவேன். பாரம் ஏற்றி ஓடிப் பார்த்து, மிஸ் அடித்தால் 0.05 குறைப்பேன். 0.6க்குக் கீழே இறக்க வேண்டி வந்தால்தான் கொயிலைச் சந்தேகப்படுவேன். குறைப்பது நல்லதென்று 0.4க்கு நசுக்குகிறவர்களும் உண்டு. பொறி சின்னதாகி ஐட்லிங்கில் என்ஜின் ஆடும்.

இன்னொன்று. 1.1 பிளக்கை 0.7க்கு வளைத்தால் மேல் கொக்கி சரிந்து, நுனி மட்டும் கிட்ட நிற்கும். 0.2க்கு மேல் வளைக்க வேண்டி வந்தால், ஒடுங்கிய இடைவெளியோடு வரும் பிளக்கையே தேடி வாங்குங்கள். நானாவுக்கும் அப்படித்தான் வரவழைத்தோம், கரிக்கோடு விழுந்த ரப்பர் உறைகளையும் மாற்றினோம். கொயிலை நான் தொடவில்லை.

குளிர் பிளக் மோகம்

பூஸ்ட் என்றதும் 8ஆம் எண் போடத் துடிக்கிறார்கள். குளிர் பிளக் என்றால் நுனியின் சூட்டை ஹெட்டுக்கு வேகமாகக் கடத்துவது, அவ்வளவுதான். நுனி 500 முதல் 850 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரி படியும், மேலே போனால் நுனியே தணலாகிப் பொறிக்கு முன்னாலேயே பற்றவைக்கும்; பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். கை வைக்காத என்ஜினுக்குத் தொழிற்சாலை எண் போதும். சுப்பர்சார்ஜரின் பெல்ட் கப்பியைச் சின்னதாக்கிப் பூஸ்ட் ஏற்றியிருந்தால் ஒரு படி குளிர் சரி. மீன் சந்தைக்கும் உப்புவெளிக்கும் இடையில் மட்டும் ஓடும் லொறிக்கு இரண்டு படி குளிர் போட்டால் பிளக் கறுத்துத்தான் போகும்.

எண்ணிலும் கவனம். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர். பொஷ், சம்பியனில் எண் குறைந்தால் குளிர். என்ஜிகே 6க்கு டென்சோவில் 20, 7க்கு 22.

பீங்கானில் பளபளவென்று அலுமினியப் பொட்டுகள் தெரிந்தால் பிளக்கை மாற்றிப் பயனில்லை. என்ஜின் நொக் அடிக்கிறது, அதாவது உள்ளே பெற்றோல் தாறுமாறாக வெடிக்கிறது. 92 பெற்றோல் அடிக்கிறவர் முதலில் 95 அடிக்கட்டும், பொறி விழும் டைமிங்கையும் பார்க்கட்டும்.

இரிடியம் பிளக்கில் நாணயம் போன்ற வட்ட கேஜ்

வேண்டாம். நடுக்கம்பி 0.6 மி.மீ. தான், சிலதில் 0.4. நெம்பினால் உடையும். வயர் கேஜால் அளந்து, மேல் கொக்கியை மட்டும் வளைக்கவும்.

பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே போடுவது

ஒவ்வொன்றையும் அளக்கவும்.

கீழே விழுந்த பிளக்

குப்பைக்கு.

மரைக்குக் கிரீஸ்

கடற்கரை ஊர், துருப்பிடிக்கும் என்று பூசுகிறார்கள். முலாம் பூசிய பிளக்குக்குத் தேவையில்லை. கிரீஸ் வழுக்குவதால் ரென்ச் காட்டும் அளவைவிட இறுக்கம் கூடிவிடும். அலுமினிய ஹெட்டில் வொஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டோர்க் ரென்ச் இல்லையென்றால், புதுப் பிளக்கைக் கையால் முட்டும் வரை திருகி, பிறகு அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக. பழைய பிளக்கைத் திருப்பிப் போட்டால் பன்னிரண்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.