பொங்கல் லீவில் தீம் பார்க்: கூட்டத்தில் சிக்காமல் போய்வர

சென்னையில் பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளைத் தீம் பார்க் கூட்டிப்போவதென்றால், காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டவே வேண்டாம். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் என்று ஊரே கிளம்பும், ஈசிஆரில் வண்டி நகராது. பள்ளி லீவு என்றால் போகி அன்று போங்கள். டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிட்டு, கேட் திறக்க அரை மணி முன்பே போய் நில்லுங்கள், உள்ளே நுழைந்ததும் எல்லாரும் முதலில் கண்ணில் படும் ரைடிலேயே வரிசை கட்டுவார்கள், நீங்கள் நேராகக் கடைக்கோடிக்கு நடந்து பெரிய ரோலர் கோஸ்டரை முடித்துவிடுங்கள். சாப்பாடு பதினொன்றரைக்கே. அப்புறம், தண்ணீர் விளையாட்டுக்குக் காட்டன் உடை பெரும்பாலும் ஆகாது, நைலான் உடை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உயரத்தை வீட்டுச் சுவரிலேயே அளந்து, எந்த ரைடில் ஏறலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்; இரண்டு விரல் உயரம் பற்றாமல் வரிசையிலிருந்து திரும்பிய என் மகளின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.