டிராக்கன்ஸ்பர்க்கில் காட்டேஜ் எடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்தில் நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் கடல்தான். மார்கேட்டிலோ உவோங்கோவிலோ ஒரு ஃபிளாட். உப்பு மறந்துவிட்டதா, கீழே இறங்கினால் கடை. அந்தப் பழக்கத்தோடு டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், நாமே சமைத்துக்கொள்ளும் செல்ஃப் கேட்டரிங் காட்டேஜ் எடுப்பவர்கள்தான் முதல் நாளே தலையில் கைவைத்து உட்காருகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து 1953-ல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் 1990-ல் நீக்கப்படும்வரை, நம் தாத்தா, ஆயா காலத்து ஆட்களுக்கு மலை விடுதி என்பது வெள்ளைக்காரர்கள் போகிற இடம். கடலுக்கு எதை எடுத்துப்போவது என்று ஆயாவுக்குத் தெரியும். மலைக்கு எதை எடுத்துப்போவது என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருந்ததில்லை. ஆகவே தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்க்கும்போதே நடந்துவிடுகிறது. "டிராக்கன்ஸ்பர்க்" என்று தேடி, படம் அழகாக இருக்கிற வீட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறோம். அது ஒரே ஊர் இல்லை. லெசோத்தோ எல்லையை ஒட்டி நீண்டு கிடக்கும் மலைத்தொடர். வடக்கே ராயல் நடால் பூங்கா, அங்கே ஆம்பிதியேட்டர் என்ற பிரமாண்டப் பாறைச்சுவர், நடுவே கதீட்ரல் பீக், ஷாம்பெயின் பள்ளத்தாக்கு, ஜயன்ட்ஸ் காசில், தெற்கே அண்டர்பெர்க், ஹிம்வில், சானி பாஸ் என்ற மலைக்கணவாய். இவற்றை மலையடிவாரத்திலேயே இணைக்கும் நல்ல சாலை கிடையாது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் கீழே இறங்கி, ஊர்ப்பக்கம் வந்து, சுற்றித்தான் ஏற வேண்டும். அண்டர்பெர்க்கில் தங்கிக்கொண்டு "நாளைக்கு ஆம்பிதியேட்டர் பார்த்துட்டு வரலாம்" என்றால் போகவே அரை நாள் ஆகிவிடும். என்ன பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதே பள்ளத்தாக்கில் வீடு தேடுங்கள்.

இதில் இன்னொரு நுட்பமான ஏமாற்றம் உண்டு. ஆம்பிதியேட்டரின் உச்சிக்கு ஏறும் சங்கிலி ஏணிகளைப் படத்தில் பார்த்துவிட்டு, அதன் அடிவாரத்திலேயே இருக்கும் தெண்டேலே விடுதியில் வீடு எடுப்பவர்கள் பலர். ஆனால் அந்த ஏணிகளுக்குப் போகும் பாதை மலையின் மறுபக்கம், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், விட்சீஸ்ஹுக் தாண்டியுள்ள சென்டினல் கார் பார்க்கிலிருந்து தொடங்குகிறது. தெண்டேலேயிலிருந்து காரில் ஆலிவியர்ஸ்ஹுக் கணவாய் ஏறிச் சுற்றிப் போக வேண்டும். தெண்டேலேயிலிருந்து நேராக நடக்கக்கூடியது துகேலா கார்ஜ் பாதை. போகவர 14 கிலோமீட்டர் அளவில் வரும். அதுவும் அருமையான நடைதான், ஆனால் அது வேறு நடை.

ஏரி வேண்டும் என்பவர்களும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். மிட்மார் அணை ஹோவிக் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் விளையாட்டுக்கு நல்லது, டர்பனிலிருந்து கிட்ட. ஆனால் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். அது மிட்லண்ட்ஸ், மலைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். மலையும் தண்ணீரும் சேர்ந்தே வேண்டுமென்றால் ஷாம்பெயின் பள்ளத்தாக்கின் பெல் பார்க் அணைப் பக்கமோ, ஆலிவியர்ஸ்ஹுக் மேலேறியதும் வரும் ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் அணையோ பாருங்கள்.

அடுத்தது தலைக்கணக்கு. "சிக்ஸ் ஸ்லீப்பர்" என்று போட்டிருந்தால் ஆறு கட்டில் என்று அர்த்தமில்லை. நான்கு பேருக்குக் கட்டில், மீதி இருவருக்கு ஹாலில் விரிக்கும் சோபா என்பது சகஜம். அந்த இருவரில் ஒருவர் முட்டிவலிக்காரப் பெரியம்மாவாக இருந்தால் மூன்று நாளும் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது. ஆறு பேருக்குப் பதிவு செய்துவிட்டு, "சின்னப் பசங்கதானே" என்று பத்துப் பேர் போய் இறங்குவது அதைவிட மோசம். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் கேட்டிலேயே ஆட்களை எண்ணுவார்கள். நுழைவுக் கட்டணம் வேறு, தங்கும் கட்டணம் வேறு. விலை வீட்டுக்கா, தலைக்கா, உடைப்பு டெபாசிட் உண்டா, எத்தனை மணிவரை சாவி தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்து, பணத்தை உடனே ஒரு தனிநபர் கணக்கில் போடச் சொன்னால், விடுதியின் எண்ணை வேறு இடத்தில் தேடி எடுத்துப் பேசிப் பார்க்காமல் ஒரு ராண்ட்கூட அனுப்ப வேண்டாம்.

இனி சமையல். செல்ஃப் கேட்டரிங் என்பதன் உயிரே அதுதான். நம் வீடுகளில் அதிகம் திட்டமிடுவதும் அதைத்தான், அதிகம் சறுக்குவதும் அதில்தான்.

காட்டேஜின் அடுப்படி ஆறு தட்டு, ஆறு கரண்டி, நடுத்தர அளவில் இரண்டு பானை என்ற கணக்கில் அமைந்தது. பிரியாணிக்கு ஏற்ற அண்டா அங்கே இருக்காது. ரொட்டி சுட தவா இருக்காது. கத்தி இருக்கும், அது வெங்காயத்தை அறுக்காது, நசுக்கும். ஒரு பெரிய பானை, தவா, கத்தி, மிக முக்கியமாகப் பிரஷர் குக்கர், இவற்றைக் காரில் ஏற்றிவிடுங்கள். குக்கரை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1,400, 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாந்துபோவோம். உள்ளே பருப்பு சீக்கிரம் வேகாது. டர்பனில் கணக்காக வெந்த சுகர் பீன்ஸ் அங்கே மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, குக்கரில் வைத்தால் தொல்லை இல்லை. அடுப்பு கேஸா, மின்சாரமா, இண்டக்‌ஷனா என்றும் முன்பே கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் நம் அலுமினியப் பானைகள் சும்மா பாரம்தான். கேஸ் இருந்தால் இடிமழையில் கரண்ட் போனாலும் டீயாவது கிடைக்கும்.

சாமான் விஷயத்தில், வின்டர்ட்டன், பெர்க்வில், அண்டர்பெர்க் ஊர்களில் சூப்பர்மார்க்கெட் உண்டு. பால், ரொட்டி, முட்டை, இறைச்சி எல்லாம் அங்கேயே வாங்கலாம். டர்பனிலிருந்து ஐஸ் பெட்டி நிறையச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் கறிவேப்பிலை, பச்சைக் கொத்தமல்லி, நல்ல மசாலா, புளி அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. கறிவேப்பிலைக்கு வீட்டு மரம் இருக்கிறது. மற்றதை மறந்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் என்3 நெடுஞ்சாலையை விட்டு விலகி ரெய்ஸ்தோர்ப் கடைகளில் வாங்கிக்கொள்வதுதான் புத்தி.

பபூன்களை, அதாவது அங்கே கூட்டமாகத் திரியும் பெரிய குரங்குகளைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், யாரும் நம்புவதில்லை. எண்ணெய் வடியட்டும் என்று தட்டில் பேப்பர் போட்டு வடையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, அக்கா அடுத்த ஈடு போட அடுப்புப் பக்கம் திரும்புகிறார். கூரையில் தொப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஜன்னல் வழியாக ஒரு நீளக் கை. தட்டு கீழே நொறுங்குகிறது. வெளியே புல்தரையில் உட்கார்ந்து அது நம்மைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிட்டுத் தின்கிறது. சிரிப்பாக இருக்கும், ஆனால் ஆண் பபூனின் கோரைப்பல்லைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். குளிக்கப் போனாலும் சரி, ஐந்து நிமிடம் கார் வரை போனாலும் சரி, ஜன்னல் கதவு எல்லாம் சாத்தியிருக்க வேண்டும். குப்பையை வெளியே வைக்காதீர்கள். பசங்க "பாவம், ஒரு வாழைப்பழம்" என்று நீட்டினால் தடுத்துவிடுங்கள். இன்று கையிலிருந்து வாங்கித் தின்றது நாளை வரும் குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கும்.

இங்கேதான் நம் சமையலுக்கு ஒரு சிக்கல். வெங்காயமும் மிளகாயும் வதக்கினால் புகை அலாரம் கத்துகிறது; ஜன்னலைத் திறந்தால் பபூன் வருகிறது. வழி இருக்கிறது. மசாலாவை வீட்டிலேயே வதக்கி டப்பாவில் எடுத்துப்போய்விடலாம். இல்லையா, பொழுது சாய்ந்தபின் தாளியுங்கள். அந்த நேரத்துக்குப் பபூன் கூட்டம் பாறை முகடுகளுக்குத் தூங்கப் போயிருக்கும்.

பிராய், அதாவது வெளியில் கரி நெருப்பில் சுடும் சமையல், போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஹெரிட்டேஜ் டே விடுமுறை செப்டம்பர் 24. நாடே அன்று பிராய் போடுகிறது. நமக்கோ அது புரட்டாசி. விரதம் இருக்கும் குடும்பங்கள் சோளக்கதிரும் உருளையும் பன்னீரும் சுடலாம் என்று போவார்கள். அங்கிருக்கும் கம்பிவலையில் போன வாரத்து ஆட்டுக்கொழுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அம்மாவுக்கு மனம் ஒப்பாது. ஒரு புதுக் கம்பிவலை வாங்கிக் கையோடு எடுத்துப்போனால் பேச்சே இல்லை. அதோடு, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் காய்ந்த புல்லும் வெப்பக்காற்றுமாகக் காட்டுத்தீ பயம் அதிகமுள்ள காலம். 1998-ன் காட்டுத்தீச் சட்டப்படி தீ அபாயம் உச்சத்தில் இருக்கிற நாட்களில் வெளியில் நெருப்பு மூட்டத் தடை உண்டு. சொன்னால் சொன்னதுதான்; "ஓரமா கொஞ்சம் கரி" என்று கெஞ்சக்கூடாது. ஆகவே மூன்று வேளைக்கும் பிராயையே நம்பி மெனு போடாதீர்கள். விறகை விடுதியில் விலைக்கு வாங்குங்கள், சுற்றிலும் பொறுக்காதீர்கள்.

அதே செப்டம்பரில் பனியும் பெய்யலாம். 2024 செப்டம்பர் 20, 21-ல் பெய்த பனியில் வான் ரீனன், ஹாரிஸ்மித் பக்கம் என்3 மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் சாலையிலேயே நின்றன. வசந்தம் வந்துவிட்டது என்று மெல்லிய சட்டையோடு போகக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குளிர்காலமான ஜூன், ஜூலையில் பகலில் வெயில் இதமாக இருக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போன அரைமணியில் குளிர் எலும்பைத் தொடும், விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஹீட்டர் இருக்கிறதா, எத்தனை அறையில் இருக்கிறது, கம்பளி எத்தனை என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

கோடையில் நிலைமை தலைகீழ். காலை வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். மதியத்துக்குமேல் மேகம் திரண்டு இடியும் மின்னலும் ஆலங்கட்டியும் வரும். நம் வழக்கப்படி காலை பலகாரம் முடித்து, மதியத்துக்குக் கட்டிக்கொண்டு, பதினோரு மணிக்கு நடக்கக் கிளம்பினால் சரியாக நடுவழியில் மாட்டுவோம். விடிந்ததும் கிளம்புங்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். துகேலா கார்ஜில் ஆற்றைக் கல்லின்மேல் தாவிக் கடக்க வேண்டிய இடங்கள் உண்டு. மேலே எங்கோ மழை பெய்தால் கீழே நமக்கு வெயிலாக இருக்கும்போதே தண்ணீர் ஏறும். நீரோட்டம் கலங்கினால் போட்டோவை மறந்துவிட்டுத் திரும்ப வேண்டும். எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போது வருவோம் என்று மலையேறுபவர்களுக்கான ரிஜிஸ்டரில் எழுதாமல் கிளம்பாதீர்கள். பல பள்ளத்தாக்குகளில் போனுக்கு சிக்னல் இருக்காது. நம்மைத் தேட வேண்டுமென்றால் அந்த ஒரு வரிதான் ஆதாரம். இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்களின் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போனால் வழிகாட்டியோடு போங்கள், கைவைக்காதீர்கள், படம் தெளிவாக விழட்டும் என்று தண்ணீர் தெளிக்கவே கூடாது.

சானி பாஸ் ஆசை உள்ளவர்களுக்கு இரண்டே விஷயம்: மேலே லெசோத்தோ, ஆகவே எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், வண்டி ஃபோர் பை ஃபோராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அண்டர்பெர்க், ஹிம்வில்லில் அழைத்துப்போகும் வண்டிகள் இருக்கின்றன.

கடைசியாகப் பயணம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, ஐந்து மணிக்கு டர்பனிலிருந்து கிளம்புவதுதான் பலரும் செய்வது. மாரியன்ஹில் டோல், அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் லாரி வரிசை, ஹில்ட்டனில் மூடுபனி, மூய் ரிவர் டோல். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்3-யை விட்டு இறங்கியபிறகு வரும் கடைசி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்தான் ஆபத்து: குழிகள், விளக்கில்லாத சாலை, நடுவே படுத்திருக்கும் மாடுகள். அந்தப் பகுதியை இருட்டில் ஓட்டக்கூடாது. பூங்கா கேட் மூடியிருந்தால் திரும்பிவரவும் அதே சாலைதான். அரை நாள் லீவு போட்டு மதியமே கிளம்பலாம், இல்லையென்றால் சனிக்கிழமை விடியலில் புறப்படலாம். பெட்ரோலை வின்டர்ட்டனிலோ பெர்க்வில்லிலோ நிரப்பிக்கொள்ளுங்கள், வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள்.

திரும்பும் நாளில் செக் அவுட் பெரும்பாலும் காலை பத்து மணி. பாத்திரம் கழுவி, பிராய் சாம்பல் அள்ளி, குப்பை கட்டி, எல்லோரும் குளித்து முடிக்க நம் குடும்பங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முந்தின இரவே பாதி மூட்டை கட்டிவிட்டு, காலைக்கு மிஞ்சின ரொட்டியும் டீயும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட விடுமுறையின் கடைசி நாள் என்றால் மதியத்துக்குமுன் மூய் ரிவரைத் தாண்டிவிடப் பாருங்கள். அதற்குமேல் ஜோஹன்னஸ்பர்க் வண்டிகளும் நம் வண்டிகளும் ஒரே டோலில் நிற்கும்.